பெருவாய்ச்சியின் பட்டினி

மறுவாழ்வு இல்லம், ஆனேக்கல்
14 ஜூன் 2025

யூனிஸ் டீச்சர் அவர்களுக்கு,

அக்கா என்று எழுத மனசு வரவில்லை. கை நடுங்குகிறது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

திங்கட்கிழமை காலையில் என்ன சொன்னாய்? "சில்வெஸ்டர் சார் எலெக்ட்ரானிக் சிட்டியில வெயிட் பண்றாரு. மீன் படமெல்லாம் எடுத்துக்கோ, இன்னைக்கே புக்கை ஓகே பண்ணிடுவாரு." நான் ஆறு நாளில் முதல் தடவையாகக் குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை, வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தானே கேப்பில் ஏற்றினாய். பதினொரு வருஷமாக நீ எழுத நான் வரைந்த மீனை ஒரு பதிப்பாளர் பார்க்கப் போகிறார் என்று ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேம்பாலம் இறங்கினோம், எலெக்ட்ரானிக் சிட்டி பின்னால் போயிற்று. "இன்னாக்கா, தாண்டிட்டோமே" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம்டா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய்.

கேப் கேட்டுக்குள் நுழைந்தபோதுதான் போர்டைப் படித்தேன். இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்தார்கள். ஃபைலை என் கையிலிருந்து பிடுங்கியது நீ. வேறு எதைச் சொல்லி ஏமாற்றியிருந்தாலும் மன்னித்திருப்பேன். நம் மீன் பெருவாய்ச்சியைக் காட்டி என்னைப் பிடித்துக்கொடுத்தாய்.

முதல் மூன்று நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. எறும்பே இல்லை என்கிறார்கள். தொண்ணூறு நாளைக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். அதையும் கவுன்சிலர் ஜெயலட்சுமி மேடம் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். வணக்கம் மேடம். பென்சில் தருகிறார்கள், சீவ பிளேடு தரமாட்டார்கள். சமையல்கார கோவிந்தப்பா வெங்காயம் நறுக்குகிற கத்தியால் சீவித் தருகிறார். நான் தொடுகிற தாளெல்லாம் வெங்காய வாசனை.

சேர்த்துவிட்டவர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்களாம். அடுத்த சனிக்கிழமைக்குள் வந்து போடு. இல்லையென்றால் அந்த மீனுக்கு இனி ஒரு செதில்கூட வரையமாட்டேன்.

டெரிக்


காக்ஸ் டவுன்
20 ஜூன் 2025

அன்புள்ள டெரிக்,

ஆமாம், ஏமாற்றினேன். வேறு எதற்கும் நீ எழுந்து குளித்திருக்கமாட்டாய். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஃபைலை வாங்கும்போது உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சோறு பிசையும்போதெல்லாம் அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன.

கையெழுத்துப் போடமாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு இல்லத்தில் போட்டேன். "அக்கா, நான் மாறிவிட்டேன்" என்று நாலு கடிதம் எழுதினாய், நாற்பதாம் நாள் கூட்டிவந்தேன். வந்த ஒன்பதாம் நாள் நீ மார்க்கெட் வாசலில் செருப்பில்லாமல் விழுந்துகிடக்கிறாய் என்று என் வகுப்புப் பெண்கள் வந்து சொன்னார்கள். கல்லீரல் இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் உன் எதிரிலேயே சொன்னார், நீ தலையாட்டினாய். இந்த முறை தொண்ணூறு நாளும் முடியட்டும். செப்டம்பர் ஏழு, காலை ஒன்பது மணிக்குக் கேட்டில் நிற்பேன்.

திங்கட்கிழமைச் சந்திப்புதான் பொய், சில்வெஸ்டர் சார் பொய்யில்லை. முழுப் பிரதியையும் படித்துவிட்டார். அல்சூர் ஏரியில் மீனெல்லாம் செத்து மிதந்த வருஷம் ஜிலேபிக் கெண்டை மட்டும் பிழைத்துக் கிடந்ததில் ஆரம்பித்திருக்கிறோமே, அது அவருக்குப் பிடித்துவிட்டது. ஏரி வழிந்து பெல்லந்தூர், வர்த்தூர், தென்பெண்ணை என்று இறங்கி, ஜிலேபியின் சந்ததி கடலூரில் கடலைத் தொடுகிறது. திமிங்கிலம் இல்லாமல் போன கடலில் ஐந்து கோடி வருஷத்தில் அது பஸ்ஸைவிட நீளமாக வளர்கிறது. வாயைத் திறந்தபடி நீந்தி, கண்ணுக்குத் தெரியாத பாசியையும் பூச்சியையும் செவுள் சீப்பில் வடித்துத் தின்கிறது. "இது நடக்கும்போல இருக்கேம்மா" என்றார். ஒன்பது வயதில் நீ ஏரிக்கரையில் நின்று "ஒருநாள் இது பஸ் சைஸுக்கு ஆயிடும், பாருக்கா" என்றதை அவரிடம் சொன்னேன்.

கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. ஜிலேபித் தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிப்பவள். பொரிந்த பிறகும் ஆபத்து என்றால் வாயைத் திறப்பாள், குஞ்செல்லாம் உள்ளே ஓடிவிடும். பெருவாய்ச்சியும் அப்படித்தான். நான் எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன், நீ வரைய வேண்டும். கிறிஸ்மஸுக்குள் புத்தகம் என்கிறார்.

ஒன்பதாம் வகுப்புக் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாளைத் தூக்கிப்போடும் வழக்கம் நம் வீட்டில் என்றைக்கு இருந்தது?

அன்புடன்,
அக்கா


ஆனேக்கல்
3 ஜூலை 2025

அக்கா,

பொழுது போகாமல் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன். தவளையின் இதயத்துக்கு நாலு அறை போட்டுவிட்டேன், மூன்றுதானாம். என் கணக்கில் இருபத்தைந்துக்குப் பதினொன்று. நீ திருத்தினால் ஒன்பதுதான் வரும்.

ஒன்றாம் தேதி குடும்பத்தார் கூட்டத்துக்கு வந்திருந்தாய். நான் வெளியே வரவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். டிபன் கேரியரைக் கோவிந்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். மட்டன் சாப்ஸ் நன்றாக இருந்ததாக அறையில் எல்லோரும் சொன்னார்கள். நான் தொடவில்லை. நீ இளைத்திருந்தாய். ப்ளவுஸ் தோளில் தொளதொளவென்று கிடந்தது. டயட்டா? இந்த வயதில் யாருக்காக?

என் பக்கத்துக் கட்டில் முனிராஜ், பொம்மனஹள்ளி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவன். ஆபரேஷன் தியேட்டரைத் துடைக்கும் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டு வேலை போய் வந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலி ஒரு வரிகூட எழுதவில்லை. தபால் வரும் நேரத்தில் அவன் பாத்ரூமுக்குப் போய்விடுவான். உன் கடிதம் வந்தால் நான் அவனுக்கு உரக்கப் படிக்கிறேன். மீன் கதை கேட்டுவிட்டு, "உங்க அக்காவுக்கு வேற வேலை இல்லியா" என்கிறான்.

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். தப்பு அக்கா. வாயால் வடித்துத் தின்கிறவள் வாய்க்குள்ளேயே குஞ்சை வைத்திருந்தால் எப்படித் தின்பாள்? திறந்தால் குஞ்சு போச்சு, மூடினால் அவள் போனாள். சின்ன ஜிலேபி இரண்டு வாரம் பட்டினி கிடந்துவிட்டுப் போகும். நாற்பத்தைந்து அடி மீன் ஏழு மாசம் கிடக்குமா? மாற்றி எழுது. குஞ்சுகளை எங்கேயாவது பாசிக்குள் விட்டுவிட்டுப் போகட்டும்.

போதும், என்னைக் கூட்டிப்போ. கெஞ்சிக் கேட்கிறேன். இருபத்துநாலு நாள் ஆகிவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது. இங்கே காலையில் கண் விழித்ததும் என் வாழ்க்கை முழுதும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதை மறைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. பத்தாம் தேதிக்குள் நீ வரவில்லை என்றால் சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டெரிக்


இல்லத்துக்கு எதிரே, டீக்கடை
14 ஜூலை 2025

டெரிக்,

பதில் வரவில்லை என்று நினைத்திருப்பாய். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இன்று காலை ஜெயலட்சுமி மேடம் போன் செய்து, நீ நாலு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறாய் என்றார். வேறு ஒரு இடத்துக்குப் போகக் கிளம்பி, பையோடு வாசலில் நின்றிருந்தேன். அப்படியே பஸ் பிடித்து வந்துவிட்டேன். உள்ளே விடவில்லை. இப்போது பார்த்தால் நீ ஜெயித்ததாக ஆகிவிடுமாம், கடிதம் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பையில் கிடைத்த தாளில் எழுதுகிறேன்.

நீ என்னை என்னதான் செய்யச் சொல்கிறாய்? வெளியே விட்டால் குடித்துச் சாவாய், உள்ளே வைத்தால் பட்டினி கிடந்து சாவாய். அம்மா போனபோது உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து உனக்கு ஊட்டிவிட்ட கை இது. இந்தக் கையாலேயே உன்னைப் பூட்டிவைத்தேன் என்று கோபமாக இருக்கிறாய். இரு. கோபமாக இருந்துகொண்டே சாப்பிடு. இரண்டு வாய் மோர்சாதம் போதும். உன் காலில் விழ வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே நின்று விழுகிறேன்.

மீன் விஷயத்தில் தப்பு உன்னுடையதுதான். உடம்பு பெரிதாக ஆகப் பட்டினி தாங்கும். திமிங்கிலங்கள் குட்டி போட வெதுவெதுப்பான கடலுக்குப் போய் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது உனக்கே தெரியும். பெருவாய்ச்சியும் தாங்குவாள். கீழே மாத அட்டவணை போட்டிருக்கிறேன், கொழுப்பு போதும். குஞ்சுகளைப் பாசியில் விட்டுவிட்டுப் போகமாட்டாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

இன்று சாயங்காலத்துக்குள் நீ சாப்பிட்டாய் என்று மேடத்திடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அதுவரை இந்தப் பெஞ்சிலேயே இருப்பேன்.

அக்கா


ஆனேக்கல்
18 ஜூலை 2025

அக்கா,

சாப்பிட்டேன். அன்று சாயங்காலமே சாப்பிட்டேன், உனக்குச் செய்தி வந்திருக்கும். கோவிந்தப்பா தட்டை நீட்டி, "ஊட்ட ஆய்தா அந்தே, நிம்ம அக்கா கேள்தாளே" என்றார். சாப்பிட்டாயா என்று உன் அக்கா கேட்கிறாள் என்று. சோற்றைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. உனக்காகச் சாப்பிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, பசி.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலில் போட்டிருந்தேன். அட்டவணைப் பக்கம் கீழே, மறுபக்கம் மேலே. முனிராஜ் கையில் எடுத்தான். அவன் தமிழ் படிக்கமாட்டான், ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பான். "இன்னா டெரிக், இது ஆபரேஷன் அட்மிஷன் சீட்டாச்சே. யாருக்கு?"

யாருக்கு அக்கா? நோயாளியின் பெயர் யூனிஸ், வயது நாற்பத்தேழு, இடது மார்பகம். அட்மிஷன் தேதிக்கான கட்டத்தில் மூன்று தேதிகள். ஜூன் 10, அடித்திருக்கிறது. ஜூலை 1, அடித்திருக்கிறது. ஜூலை 14, அது மட்டும் அடிக்காமல் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நீ எதிர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்.

ஜூன் ஒன்பது என்னை இங்கே கொண்டுவந்து விட்டாய். ஜூலை ஒன்று மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தாய், நான் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஜூலை பதினாலு என் பட்டினி. மூன்று தேதியையும் அடித்தது நான்தான். டயட்டா என்று கேட்டிருக்கிறேன். அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்.

பின்பக்கத்தில் எழுதும் வழக்கத்தை அம்மா சொல்லிக்கொடுத்தாள். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லவில்லை போல. நல்லவேளை.

வந்து கையெழுத்துப் போடு. நான் வெளியே வருகிறேன், ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்காருகிறேன், கஞ்சி வைத்துத் தருகிறேன். இந்த முறை நிஜமாகவே உனக்காகக் கேட்கிறேன். இதை எழுதும்போதே ஒரு பாவி உள்ளுக்குள் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி எந்த ரோடு, எதிரில் என்ன கடை என்று யோசிக்கிறான். அவனை நம்பாதே. என்னை நம்பு. இரண்டு பேரும் ஒருவன்தான் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டெரிக்


காக்ஸ் டவுன்
23 ஜூலை 2025

அன்புள்ள டெரிக்,

இந்த முறை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். பின்னால் பத்தாம் வகுப்பு, மாதிரி வினாத்தாள்.

ஏப்ரலில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மே மாதம் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, அதுதான் என்று சொன்னார்கள். ஜூன் பத்து தேதி கொடுத்தார்கள். நான் போய்ப் படுத்துவிட்டால் உன்னை யார் பார்ப்பது? அதனால்தான் ஒன்பதாம் தேதி உன்னை இல்லத்தில் சேர்த்தேன். நீ பத்திரமாக உள்ளே, நான் நிம்மதியாக ஆஸ்பத்திரியில். அழகான திட்டம்தான். பத்தாம் தேதி விடிந்ததும் உனக்கு வலிப்பு வந்திருக்கிறது, குடும்பத்தார் வரவேண்டும் என்று போன். உனக்கு அது ஞாபகம் இருக்காது. உன் வாயில் நுரை துடைத்துவிட்டு அன்று முழுதும் வராந்தாவில் இருந்தேன். மற்ற இரண்டு தேதிகளும் நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

டாக்டர் என்னைத் திட்டினார். நான் மாணவிகளைத் திட்டுவேனே, அதே மாதிரி, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு. "ஜூனில வந்திருந்தா கட்டியோட போயிருக்கும் டீச்சர். இப்ப அக்குள்லயும் நெறிகட்டியிருக்கு. இன்னும் எவ்ளோ நாள் தள்ளிப்போடுவீங்க?" என்று கேட்டார். செப்டம்பர் ஏழுக்குப் பிறகு என்றேன். அவர் ஃபைலை மூடிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. செத்துப்போவதைப் பற்றிய பயம் என்றால்கூடப் பரவாயில்லை, ஜெபம் பண்ணிக்கொள்ளலாம். நான் மயக்க மருந்தில் கிடக்கும்போது நீ கேட்டுக்கு வெளியே வந்து, என்னைத் தேடி, காணாமல், நேராக மார்க்கெட் பக்கம் நடந்துவிடுவாய் என்பதுதான் பயம். உன் கடிதத்தைப் படித்தேன். உள்ளே உட்கார்ந்திருக்கிற பாவியைப் பற்றி நீயே எழுதிவிட்டாய், அதற்கு நன்றி. அவனுக்காகத்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறேன். கையெழுத்துப் போடாமல் நான் செத்துவிட்டால் உன்னை யார் வெளியே எடுப்பது என்றும் யோசிக்கிறேன். இரண்டு பக்கமும் வழியில்லை. பள்ளிக்கூடத்தில் போர்டு முன்னால் நின்று பாடத்தின் நடுவே நிறுத்திவிடுகிறேன், பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஆஞ்சலா டீச்சருக்கு மட்டும் தெரியும். வேறு யாரிடமும் சொல்லாதே. தொண்ணூறு நாள் முடியட்டும், நாற்பத்தாறு நாள்தான் இருக்கிறது. நான் தாங்குவேன்.

அக்கா


ஆனேக்கல்
29 ஜூலை 2025

அக்கா,

நீ தாங்கமாட்டாய். உன் அட்டவணையிலேயே இருக்கிறது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா அதை. திமிங்கிலம் பட்டினி கிடந்தது உண்மைதான். ஆனால் வருஷத்தில் பாதி நாள் வயிறு முட்டத் தின்று, கொழுப்பு சேர்த்துக்கொண்டுதான் கிடந்தது. நீ போட்டிருக்கிற அட்டவணையில் பெருவாய்ச்சி தின்கிற மாசம் எங்கே? முதலில் ஐந்து மாசம் எழுதியிருக்கிறாய், அதை அழித்து அடுத்த குஞ்சுகளை எழுதியிருக்கிறாய். ரப்பர் போட்ட இடம் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் யாராவது இப்படி எழுதினால் நீ சிவப்பு மையால் கோடு போட்டிருப்பாய். எந்தப் பிராணியும் இருபத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

நான் வெளியே வந்தால் குடிப்பேன். இந்த வரியை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. உன் கட்டில் பக்கத்தில் உட்காருவேன், நர்ஸ் சீட்டுக் கொடுப்பாள், மருந்து வாங்கிவருகிறேன் என்று போவேன், சாயங்காலம்வரை வரமாட்டேன். நீ கட்டுப்போட்ட மார்போடு எழுந்து உட்கார்ந்து என்னைத் தேடுவாய். இது அப்படியே நடக்கும். முனிராஜிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. "நீ போனா அவங்க சாவாங்க, நீ இங்கயே இருந்தா ஒருவேளை பொழைப்பாங்க" என்றான். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன், எல்லோரையும் பார்த்திருக்கிறான்.

அதனால் ஜெயலட்சுமி மேடத்திடம் போய்க் கேட்டேன். நானே விருப்பப்பட்டுத் தங்குவதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. டிசம்பர் முப்பத்தொன்றுவரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டு சில்வெஸ்டர் சார் பெயரை எழுதினேன். மேடம் அவருக்குப் போன் போட்டார், ஒத்துக்கொண்டார். உன் விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன், திட்டிக்கொள். செப்டம்பர் ஏழு கேட்டில் நிற்க வேண்டாம், நான் வரமாட்டேன். எனக்கு வலிப்பு வந்தாலும், நான் பட்டினி கிடந்தாலும் இனி உனக்குப் போன் வராது. உன் கையெழுத்துக்கு இங்கே இனி வேலை இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். நீ ஆபரேஷன் டேபிளில் போய்விட்டால் நான் இங்கே இருப்பேன். அடக்கத்துக்கு இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கூட்டிவருவார்கள். அதை நினைத்து வாய்விட்டு அழுதேன். இருந்தும் படிவத்தைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை. போகாமல் இருப்பதற்கு முனிராஜைக் கதவுக்குக் குறுக்கே உட்காரச் சொன்னேன்.

கடைசி அத்தியாயத்தை வரைந்துவிட்டேன், அனுப்புகிறேன். உன் எழுத்தை மாற்றியிருக்கிறேன், சண்டைக்கு வராதே. ஜிலேபிக் குஞ்சுக்கு ஒரே ஒரு புத்திதான்: அம்மா வாயைத் திறந்தால் ஓடிப்போய் உள்ளே நுழைவது. பெருவாய்ச்சியின் குஞ்சு ஐந்து கோடி வருஷத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுதான். அவள் தின்ன வாயைத் திறக்கும்போது விலகிப் பின்னால் போய் வால்பக்கம் நிற்பது. பயமாக இருந்தாலும் நிற்பது. எழுபது குஞ்சுகள் வரைந்திருக்கிறேன். எல்லாம் வாலுக்குப் பின்னால் நிற்கின்றன, அவள் வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. கொஞ்சம் பெரிய குஞ்சு ஒன்று மட்டும் முன்பக்கம் திரும்பிப் பார்க்கிறது, அதைத் திருத்த எனக்கு வரவில்லை.

போய் அட்மிட் ஆகு. அதுவரை ஒழுங்காகச் சாப்பிடு.

டெரிக்


ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
5 ஆகஸ்ட் 2025

டெரிக்,

படம் வந்த அன்றே டாக்டருக்குப் போன் செய்தேன். நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் கேஸ் நான்தான். சில்வெஸ்டர் சார் வந்து படிவங்களில் கையெழுத்துப் போட்டார், உனக்கும் அவர், எனக்கும் அவர். ஆஞ்சலா டீச்சர் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள். நான் பதறாமல் இருக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள்.

அக்குளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. நீ சாப்பிடச் சொல்லியிருந்தாய், நாலைந்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன், மீன் குழம்புகூட வைத்தேன். இன்று ராத்திரிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். சிரித்துவிட்டேன், அவளுக்குப் புரியவில்லை.

படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் உன்னை என் அத்தியாயத்தில் கை வைக்கச் சொன்னது? அப்புறம் குஞ்சுகளை எண்ணினேன். எழுபது இல்லை, அறுபத்தொன்பதுதான் இருக்கிறது. திரும்பிப் பார்க்கும் குஞ்சைத் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சார் சொல்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

வாசலில் ஒரு சத்தம் கேட்டால், நீயோ என்று எழுந்து பார்க்கத்தான் தோன்றுகிறது. நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். வராமல் இரு. என்ன செய்தி வந்தாலும், அந்த இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கூட்டிவரும் செய்தியாக இருந்தாலும், பிறகு திரும்பிப் போய் டிசம்பர்வரை அங்கேயே இரு. இதை மட்டும் எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடு. மேடம் படிக்கட்டும், அவர் சாட்சி.

இது புதுத் தாள். ஆஞ்சலா கடைக்குப் போய் வாங்கிவந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், பின்பக்கம் ஒன்றுமே இல்லை. விட்டுப்போன அந்த ஒரு குஞ்சை அதில் வரைந்து வார்டு முகவரிக்கே அனுப்பு. பத்து நாள் நான் இங்கேதான் இருப்பேன் என்கிறார்கள்.

அக்கா